சுபாவின் மாவுக்கு முன்னால் அரைத்தது

1. சம்படம் திரும்பி வந்தது

மாவு மில்லில் இருபத்து நாலு வருஷமாக நிற்கிறேன். மாவு நறநறக்கிறது என்று சொல்லியிருக்கிறார்கள். மாவு சூடாக வருகிறது, சத்தெல்லாம் போச்சு என்று சொல்லியிருக்கிறார்கள். எடை குறைகிறது என்று தராசுத் தட்டைத் தூக்கி அடியில் பார்த்தவர்களும் உண்டு. ஆனால் ஒரு பல்கூட முளைக்காத ஆள் என் வேலையைக் குறை சொன்னது அந்தப் புதன்கிழமைதான் முதல் தடவை.

ஆளின் பெயர் கவின். வயது ஏழு மாதம். தன் சார்பில் பேசுவதற்குத் தன் அம்மா சுபாவைக் கூட்டி வந்திருந்தான். அவள் அவனை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, கையிலிருந்த எவர்சில்வர் சம்படத்தை என் முன்னால் ணங்கென்று வைத்தாள்.

"அக்கா, இது நீங்க அரைச்ச மாவுதானா?"

"நேத்து உன் கண்ணு முன்னாலதான அரைச்சேன். என்னட்டி கேள்வி இது?"

"மூணு வாரத்துக்கு முன்ன அரைச்சுத் தந்தீங்கள்லா, அத சட்டியோட நக்குனான். இத வாயில வச்சா எம் மூஞ்சியிலயே துப்புதான். அதே கேப்பை, அதே பாசிப்பயறு, அதே புழுங்கரிசி, அதே பொரிகடல. அளவுகூட அதே டம்ளர். நான் ஒண்ணும் மாத்தல. அப்போ நீங்கதான் என்னமோ மாத்தியிருக்கிய."

ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தேன். வறுவல் பதம் சரி, அரவை சரி. முளைகட்டிய கேப்பையின் வாசம் நன்றாக வந்தது. நானாக இருந்தால் கால் கிலோ தின்றிருப்பேன். கவினுக்கும் ஒரு சிட்டிகை நீட்டினேன். அவன் அதை வாங்கி, யோசித்து, என் முந்தானையில் விட்டான்.

"பிள்ளைக்கு வாய்க்கசப்பா இருக்கும்" என்றேன்.

"வாய்க்கசப்பு உள்ளவன்தான் காலையில எங்க வீட்டுக்காரர் செருப்பு வாரத் தின்னானா?"

"நான் தொடைக்காம ஒரு மாவும் போட மாட்டேன், உனக்கே தெரியும்" என்று மட்டும் சொன்னேன். அவள் அதைக் கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். குற்றம் செய்தவன் கேட்காத கேள்விக்குத்தான் முதலில் பதில் சொல்வான் என்பார்கள், சரியாகத்தான் இருக்கிறது.

2. ஒரு கல்லில் ஊரே அரைபடும்

மில் வேலை தெரியாதவர்களுக்காக இதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மில் சங்கரன்கோவில் ஸ்டேஷன் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பினால் வரும். மூன்று மெஷின். மிளகாய், மல்லி, மசாலா, சீயக்காய்க்கு ஒன்று. ஈர அரிசிக்கு ஒன்று. மூன்றாவது சக்கி. கேப்பை, கம்பு, கோதுமை, சத்துமாவு என்று காய்ந்த தானியமெல்லாம் சக்கியில்தான் போடுவோம். மேலே ஹாப்பரில் கொட்டினால் இரண்டு கல்லுக்கு நடுவில் அரைபட்டு, சல்லடை வழியாக இறங்கி, துணிக்குழாயில் வந்து விழும்.

இதில் ஒரு சங்கதி உண்டு. ஒருவர் மாவு முடிந்தபிறகும் கல்லின் காடியிலும் துணியின் மடிப்பிலும் கொஞ்சம் தங்கும். அடுத்து வருகிறவர் மாவோடு அது போய்ச் சேரும். அதனால்தான் விவரம் தெரிந்த பெண்கள் வாசலிலேயே நின்று, "முன்னால என்ன அரைச்சிய?" என்று கேட்பார்கள். அரிசி என்றால் உள்ளே வருவார்கள். கம்பு என்றால் எதிர்க்கடையில் போய் ஒரு டீ சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே நான் அதில் மாட்டினேன். கேப்பை அரைத்த கையோடு ஒரு அம்மாளின் இடியாப்ப மாவைப் போட்டுவிட்டேன். அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்குப் பெண் பார்க்க வருகிறார்கள். மறுநாள் காலை அந்த அம்மாள் ஒரு தட்டு இடியாப்பத்தோடு வந்தார். தேங்காய்நார் நிறத்தில் இருந்தது. "மாப்பிள வீட்டுக்காரவிய இது என்ன பலகாரம்னு கேட்டாவ. நான் என்னன்னு சொல்ல?" என்றார். நல்லவேளை, கல்யாணம் நடந்தது.

அன்றிலிருந்து எனக்குச் சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. ஒவ்வொரு ஈடுக்கும் பிரஷ் போடுவேன், துணியைக் கம்பால் தட்டுவேன், ஒரு கை குருணையை ஓட்டி எடுப்பேன். எங்கள் முதலாளி தராசுக்குப் பின்னால் ஃபேனுக்கடியில் உட்கார்ந்தபடி இதைப் பார்த்தார். பெயின்டரைக் கூப்பிட்டு, 'ஒரு துளி கலப்பில்லாமல் அரைத்துத் தரப்படும்' என்று சுவரில் எழுதிவிட்டார். கலப்பே இல்லாமல் எந்தக் கல்லும் அரைக்காது என்பது மில்லில் வேலை பார்க்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் சுவரில் அத்தனை பெரிய எழுத்தில் எழுதியிருப்பதை நானே கொஞ்ச நாளில் நம்பிவிட்டேன்.

3. ஞாயிற்றுக்கிழமைக் கெடு

சுபா அன்று அத்தனை கோபமாக வந்ததற்குக் காரணம் அவள் வீட்டுக்காரர் கார்த்தி. பவர்லூம் தறிக்கூடத்தில் ஃபிட்டர். தறியில் ஒரு நட்டு கழன்றாலும் அந்த நட்டின் நம்பரைச் சொல்கிற ஆள். பிள்ளைக்கு ஆறு மாதம் முடிந்ததும் கடையில் ஒரு குழந்தை உணவு டின் வாங்கி வந்து மேஜையில் வைத்தாராம். சுபா அதை உடைக்கவிடவில்லை. குருவிகுளத்தில் அவள் அப்பா தோட்டத்தில் விளைந்த கேப்பையை முளைகட்டி, காயவைத்து, தன் கையாலேயே வறுத்து எடுத்து வந்தாள்.

"என்ன சொல்லுதாருங்கிய? டின்னுல என்னென்ன இருக்குன்னு எழுதியிருக்கான், உன் மாவுல என்ன இருக்குன்னு உனக்குத் தெரியுமாங்காரு. எனக்குத் தெரியாதா? நான் வறுத்தேன், பேச்சிக்கா அரைச்சாவ, அம்புட்டுத்தான். இதுல தெரியாததுக்கு என்ன இருக்கு?"

முதல் மாவைப் பிள்ளை வழித்துத் தின்றதும் கார்த்தி வாயை மூடிக்கொண்டார். இரண்டாவது மாவைத் துப்பியதும் டின்னைக் கையில் எடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பார்ப்பது, அதற்குள் சாப்பிடாவிட்டால் டின்னை உடைப்பது என்று கெடு.

"கோயில்ல புத்துமண்ணு வாங்கி நெத்தியில பூசிட்டேன். நர்ஸம்மாகிட்ட காட்டுனேன், பிள்ளை நல்லாத்தான் இருக்கு, வேற மாதிரி குடுத்துப் பாருங்காவ. டின்ன உடைக்கிறது ஒண்ணும் பாவமில்லக்கா. ஆனா அவரு ஜெயிச்சுட்டாருன்னா அடுத்தது நான் வைக்கிற ரசத்துக்கும் என்ன போட்டன்னு கேப்பாரு."

சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளை சாப்பிடாத வீட்டில் பெண்பிள்ளைக்கு வேறு எந்த நினைப்பும் ஓடாது. எனக்கு ரொம்பப் பாவமாக இருந்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய அந்த வெள்ளிக்கிழமை எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அன்றைக்கு மசாலா மெஷினில் பெல்ட் அறுந்துகிடந்தது. அதனால் சக்கியில் போடக்கூடாததையும் சக்கியில் போட்டேன். நடுவில் கரண்ட் போனது. கல்லுக்குள் யாருடைய சரக்கோ பாதியில் நின்றது. இரண்டு மணி நேரம் கழித்துக் கரண்ட் வந்தபோது வரிசை ரோடு வரை நின்றது. முதலில் நின்ற சுபாவின் இடுப்பில் கவின் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தான். நான் பிரஷ் போடவில்லை, துணி தட்டவில்லை, குருணை ஓட்டவில்லை. அவள் சம்படத்தை வாங்கி அப்படியே ஹாப்பரில் கவிழ்த்துவிட்டேன்.

அப்படியானால் கவினுக்குப் பிடித்தது அவன் அம்மாவின் மாவு இல்லை. கல்லுக்குள் நின்றது எதுவோ அதுதான்.

4. நாலு கோமதி

"அன்னைக்கு உனக்கு முன்னால யாரு அரைச்சா, ஞாபகம் இருக்கா?" என்று சும்மா கேட்பதுபோல் கேட்டேன்.

"பேரு கோமதி. 'கோமதி, பைய எடுத்துக்கோ'ன்னு நீங்கதான் கத்துனீங்க. மூஞ்சி பாக்கல."

சங்கரன்கோவிலில் நின்றுகொண்டு கோமதி யார் என்று தேடுவது போலக் கஷ்டம் வேறு இல்லை. கோமதியம்மன் ஊர். பஸ் ஸ்டாண்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் இரண்டு பஸ் நிற்கும். எங்கள் மில்லுக்கு மட்டும் வழக்கமாக வருகிற கோமதி நாலு பேர்.

முதல் கோமதி டீச்சர். கோதுமை அரைப்பவர். போன் போட்டேன். "அந்த வெள்ளிக்கிழமை நான் ஊர்லயே இல்லையே பேச்சி. ஏன் கேக்க?" என்றார். "உங்க சம்படம் ஒண்ணு இங்கன கிடக்கு" என்றேன். "என்ன கலர்?" என்றார். சிவப்பு என்று சொல்லிவைத்தேன். "ஆமா, என்னதுதான், வந்து எடுத்துக்கிடுதேன்" என்றார். இல்லாத சம்படத்துக்கு எங்கே போவேன், சாயங்காலம் பஜாரில் ஒன்று வாங்கி வைத்தேன்.

இரண்டாவது கோமதி கம்பு. அவர் தன் மகளின் பிரசவத்துக்காக மதுரை போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. மூன்றாவது கோமதியை நினைத்ததும் கையிலிருந்த பிரஷைக் கீழே வைத்துவிட்டேன். அவர் அரைப்பது சீயக்காய்.

அன்றைக்கு சீயக்காய்ப் பையோடு அவர் வந்து நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. மசாலா மெஷின் ஓடவில்லை என்பதும் ஞாபகம் இருந்தது. நடுவில் நான் என்ன செய்தேன் என்பதுதான் ஞாபகம் இல்லை.

உடனே சுபாவுக்கு போன் போட்டேன். "ஏட்டி, முதல் தடவ காய்ச்சுனியே அந்தக் கஞ்சி, நுரைச்சுதா?"

"நுரைக்கவா? எதுக்குக்கா நுரைக்கணும்?"

"இல்ல, சில கேப்பை நுரைக்கும். பிள்ளைக்கு முடி எப்படி, நல்லா மினுமினுன்னு வளருதா?"

"எப்பவும் போலத்தான இருக்கு. ஏன்க்கா, உங்களுக்கு உடம்புக்கு ஏதும் முடியலியா?"

போனை வைத்துவிட்டு, வேலை முடிந்த கையோடு சீயக்காய் கோமதி வீட்டுக்கே போனேன். அவர் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். "அன்னைக்கு சீயக்காய நம்ம சக்கியிலயா அரைச்சோம்?" என்று கேட்டேன்.

"நல்லா அரைச்சிய. பெல்ட்டு போச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிட்டு இப்போ கேக்க வந்துட்டிய. நான் வேற மில்லுல போய்த்தான் அரைச்சேன். அதுக்கு என்ன, சண்டைக்கா வந்திருக்கிய?"

அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். வேறு மில்லில் அரைத்ததற்காக இத்தனை சந்தோஷப்பட்ட மில்காரியை அவர் பார்த்திருக்க மாட்டார். ஒரு டம்ளர் மோர் கொடுத்து உட்காரவைத்தார்.

நாலாவது ஆள் பொடி கோமதி. வீட்டிலேயே பருப்புப்பொடி செய்து, பாக்கெட் போட்டு பஜாரில் கடைகளுக்குக் கொடுக்கிறவர். பாக்கெட்டின் மேல் 'வீட்டுமுறைத் தயாரிப்பு' என்று அச்சடித்திருக்கும். துவரம்பருப்பு, பொரிகடலை, சீரகம், பூண்டு, பெருங்காயம். காரம் வேண்டுகிறவர்களுக்கு வத்தல்பொடியைத் தனியாகச் சேர்ப்பார்.

அவர் வீட்டுக்குப் போய் நான் வாயைத் திறக்கும் முன்னாலேயே அவர் சொன்னார்: "பேச்சிக்கா, கேக்கணும்னே இருந்தேன். கரண்டு போச்சே அன்னைக்கு, எம் பொடியில ஒரு கால் கிலோ குறைஞ்சுது. அது எங்கன போச்சு?"

அந்தக் கால் கிலோ எங்கே போனது என்று எனக்கு அப்போது தெரிந்துவிட்டது. ஏழு மாதத்து ஆள் ஒருவன் அதைக் கேப்பைக் கஞ்சியோடு சேர்த்து மூன்று வாரமாக நக்கியிருக்கிறான். "கல்லு குடிச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

5. மெஷினுக்கு முடியவில்லை

இந்த இடத்தில் ஒழுங்கான ஆளாக இருந்தால் சுபாவைக் கூப்பிட்டு, "கொஞ்சம் சீரகமும் பூண்டும் வறுத்துப் போட்டுக் காய்ச்சு" என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஏன் என்று கேட்பாளே. அன்றைக்கு நான் துடைக்கவில்லை என்று சொல்ல வேண்டும். சுவரில் எழுதியிருப்பது பொய் என்று ஆகும். இருபத்து நாலு வருஷத்து மரியாதையை ஒரு சிட்டிகை சீரகத்துக்காக விட எனக்கு மனசு வரவில்லை.

அதனால் ஒரு திருட்டு வேலை செய்தேன். சனிக்கிழமை காலை பொடி கோமதியை வரச்சொன்னேன். அவர் பொடியை சக்கியில் போட்டேன். "மசாலா மெஷின்லலா போடணும்?" என்றார். "அதுல காரம் கலந்திரும், உங்க பொடி பேரு கெட்டிரும்" என்றேன். அவர் உருகிப்போனார். கடைசிக் கால் கிலோ கல்லுக்குள் இருக்கும்போதே மோட்டாரை நிறுத்தினேன். அவர் பையைக் கட்டிக் கையில் கொடுத்து, வாசல் வரை போய் வழியனுப்பினேன்.

இன்னொரு ஈடு அரைத்துப் பார்ப்போம் என்று சுபாவையும் வரச்சொல்லியிருந்தேன். பதினைந்து நிமிஷத்தில் வருவதாகச் சொல்லியிருந்தாள். அதற்குள் மேலநீலிதநல்லூரிலிருந்து ஒரு அண்ணாச்சி பத்துக் கிலோ கம்போடு வந்து நின்றார்.

"மெஷினுக்கு முடியல அண்ணாச்சி" என்றேன்.

"முடியலியா? இப்பத்தான ஓடிச்சு, தெருமுனையில எனக்குக் கேட்டுச்சே."

"ஓடும். ஆனா முடியல."

"இதென்ன வே, மனுசன் மாதிரில்லா சொல்லுதிய" என்று அவர் முதலாளியைப் பார்த்தார். முதலாளி என்னைப் பார்த்தார். நான் சக்கியின் மேல் கையை வைத்து, காய்ச்சல் பார்ப்பதுபோல் பார்த்து, உதட்டைப் பிதுக்கினேன். அண்ணாச்சி நம்பாமலேயே டீக்கடைக்குப் போனார். சுபா வந்தாள். அவள் சம்படத்தைக் கவிழ்த்தேன். மெஷின் உடனே குணமாகிவிட்டது.

6. பொதுவான கை

ஞாயிற்றுக்கிழமை மில் மத்தியானம் வரைதான். பதினோரு மணிக்குச் சுபாவும் கார்த்தியும் பிள்ளையோடு வந்து நின்றார்கள். ஒரு கையில் டின், ஒரு கையில் ஃப்ளாஸ்க், இரண்டு கிண்ணம்.

"வீட்டுல வச்சுப் பாத்தா, நான் டின்னச் சரியா ஊட்ட மாட்டேங்காரு. அவரு எம் மாவச் சரியா ஊட்ட மாட்டாரு. நீங்க பொதுவான ஆளு. நீங்களே ரெண்டையும் ஊட்டுங்க" என்றாள் சுபா.

உலகத்தில் பொதுவில்லாத ஆள் ஒருத்தி உண்டென்றால் அன்றைக்கு நான்தான். ஆனால் அதற்குள் வரிசையில் நின்ற பெண்கள் வளைத்துக்கொண்டார்கள். முதலாளியே தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். ஃபேனை விட்டு அவர் எழுந்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

முதலில் டின். கார்த்தி அதன் முதுகைப் படித்துப் படித்துக் கலக்கினார். கரண்டியில் எடுத்த மாவைத் தறிக்கூடத்து ஐ.டி. கார்டால் மட்டம் தட்டினார். கட்டி இல்லாமல் அழகாகக் கரைந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. பயணத்துக்கு எடுத்துப்போகிறவர்கள், வேலைக்கு ஓடுகிறவர்கள் எத்தனையோ பேர் பிள்ளைக்கு அதைத்தான் கொடுக்கிறார்கள், அந்தப் பிள்ளைகளும் கொழுகொழுவென்றுதான் இருக்கின்றன. கவின் முதல் கரண்டியை விழுங்கினான். கார்த்தி மீசையைத் தடவினார். இரண்டாவது கரண்டியை வாயிலேயே வைத்துக்கொண்டு சுற்றியிருந்த எல்லோரையும் ஒருமுறை பார்த்தான். பிறகு உதட்டைக் குவித்து, தன் அப்பா சட்டையின் பை உயரத்துக்குச் சரியாக ஊதினான்.

அடுத்து சுபாவின் கஞ்சி. கரண்டி வாய்க்குப் போகுமுன்னே மூக்கு விடைத்தது. முதல் வாய் உள்ளே போனதும் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அதன்பிறகு ஊட்டியது நானில்லை, அவனேதான் என் கையை வைத்து ஊட்டிக்கொண்டான். கிண்ணம் காலியானதும் கிண்ணத்தைப் பார்த்து அழுதான்.

பெண்கள் கை தட்டினார்கள். சுபாவுக்கு முகம் முழுக்கச் சிரிப்பு. "பாத்தியளா? என் கையால வறுத்தது, பேச்சிக்கா கையால அரைச்சது. வேற ஒரு துளி கிடையாது" என்றாள். கார்த்தி சட்டையைத் துடைத்தபடி, "சரி, ஒத்துக்கிடுதேன்" என்றார்.

நானும் சிரித்தேன். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். அப்போது வரிசையில் நின்ற செல்வி என்கிற பெண் பக்கத்தில் நின்றவளிடம் பேசியது என் காதில் விழுந்தது.

"அதுக்குத்தான் நானும் இம்புட்டுத் தூரம் இந்த மில்லுக்கு வாரது. எம் பையனுக்கு நிலக்கடல ஆகாது. கொஞ்சம் பட்டாலும் மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிரும். இங்கனன்னா கலப்பு இருக்காதுன்னு ஒரு தைரியம்."

அவள் கையில் மஞ்சள் பை. அன்றைக்கு அவளுக்கு முன்னால் நின்றவர் பையில் பாதாம், முந்திரி, நிலக்கடலை எல்லாம் போட்ட சத்துமாவு.

இந்தப் பெண் எத்தனை மாதமாக வருகிறாள், எத்தனை தடவை அவளுக்கு முன்னால் நிலக்கடலை போயிருக்கும் என்று கணக்குப் பார்க்கக்கூட பயமாக இருந்தது. அதுவரை நான் பிடித்துக்கொண்டிருந்த மரியாதை எனக்கே அருவருப்பாகிவிட்டது.

"சுபா" என்றேன். "அவனுக்குப் பிடிச்சது உம் மாவு இல்லட்டி. பருப்புப்பொடி."

7. வெளியில் சொன்னது

எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, துடைக்காமல் போட்டது, நாலு கோமதி, சனிக்கிழமைத் திருட்டு எல்லாம். "பேச்சி, வாய மூடிட்டு வேலயப் பாரு" என்று முதலாளி நடுவில் இரண்டு தடவை சொன்னார். நான் மூடவில்லை. எவ்வளவு துடைத்தாலும் கல்லில் கொஞ்சம் நிற்கும், நிலக்கடலை ஆகாத பிள்ளைக்கு அரைப்பதாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம் என்று செல்வியைப் பார்த்துச் சொன்னேன். அவள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். அவள் நாலு வார்த்தை வைதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

சுபாதான் அழுதாள். "அப்போ எம் மாவ அவன் ஒரு நாள்கூட ஆசையாத் திங்கலியா?"

கார்த்தி என்னமோ சொல்ல வாயெடுத்தார். டின்னில் எழுதியிருக்கிற விஷயம்தான் வரப்போகிறது என்று நினைத்தேன். அவர் கவினையே பார்த்துக்கொண்டு, "பருப்புப்பொடியா?" என்றார்.

"பருப்புப்பொடிதான்."

"பூண்டு போட்டதா?"

"பூண்டு, சீரகம், பெருங்காயம்."

"எனக்கு இட்லிக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான். மோர்ச்சோத்துக்கும் அதுதான். இவ ஏசிக்கிட்டே வைப்பா" என்று சொல்லிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி முகத்துக்கு நேரே வைத்தார். "ஏலே, உனக்கு அப்பா வாயா?"

சுபா அழுதபடியே சிரித்துவிட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே சட்டியில வச்சிருதேன், வேல மிச்சம்" என்றாள். என்னோடு ஒரு வாரம் பேசவில்லை. நர்ஸம்மாவிடம் கேட்டுக்கொண்டு, அடுத்த மாவில் அவளே அளவாகச் சீரகமும் பூண்டும் பெருங்காயமும் வறுத்துச் சேர்த்தாள். கவின் சட்டியை நக்கினான். டின்னை உடைத்தாயிற்றே என்று கார்த்தி அதைத் தினமும் காலையில் பாலில் கரைத்துக் குடித்துத் தீர்த்தார். உடம்பு தெம்பாகத்தான் இருக்கிறது என்று அவரே சொன்னார். விஷயம் தெரிந்ததும் பொடி கோமதி கால் கிலோ இரண்டையும் மன்னித்துவிட்டு, 'ஏழு மாதக் குழந்தையும் விரும்புவது' என்று பாக்கெட்டில் அச்சடிக்கப்போகிறேன் என்று கிளம்பினார். அவரைத் தடுப்பதற்கு நாங்கள் மூன்று பேர் போக வேண்டியிருந்தது.

8. சிலேட்டு

முதலாளி ஒரு மாதம் என்னைப் பார்க்கும்போதெல்லாம் பெருமூச்சு விட்டார். ஆனால் என்னைப் போகச்சொல்லவில்லை. அவர் சக்கி ஓட்டினால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். நான் ஒரு சிலேட்டு வாங்கி சக்கியின் பக்கத்தில் மாட்டினேன். முன்னால் என்ன அரைத்தோம் என்பதை ஒவ்வொரு ஈடுக்கும் அதில் எழுதுகிறேன். வியாபாரம் படுத்துவிடும் என்று முதலாளி பயந்தார். நடந்தது வேறு. "எனக்கு அந்தப் பருப்புப்பொடிக்குப் பின்னால போடுங்க, எம் பிள்ளையும் திங்கட்டும்" என்று இரண்டு பேர் வரிசையில் இடம் மாறி நின்றார்கள். அவர்களுக்குச் சீரகத்தின் அருமையை விளக்கி அனுப்புவதற்குள் எனக்குத் தொண்டை வற்றிவிட்டது.

செல்வி மட்டும் வரவில்லை. மஞ்சள் பை எது வந்தாலும் நிமிர்ந்து பார்ப்பேன். ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை மத்தியானம் வந்தாள். வாசலிலேயே நின்று சிலேட்டைப் படித்தாள். 'நிலக்கடலை சேர்த்த சத்துமாவு' என்று எழுதியிருந்தது.

"தொடைச்சிட்டியளா?" என்றாள்.

"தொடைச்சாச்சு. ஆனா இருக்கும். இன்னைக்கு வேண்டாம்மா. நாளைக்கு மத்தியானம் மில் அடைச்சதும் கல்லக் கழத்திச் சுத்தம் பண்ணி, துணிய மாத்தி, அஞ்சு கிலோ அரிசி ஓட்டி எடுத்துருதேன். அப்பவும் முழுசாப் போயிருச்சுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ. அவரு சரின்னாத்தான் திங்கக்கிழம முதல் ஆளா வா."

பின்னால் முதலாளி பெருமூச்சு விட்டது கேட்டது. செல்வி பையைக் கை மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

மில் வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கல்லில் மிச்சம் இருக்கும். அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு அரைக்க வருகிறவள் கேட்கும்வரை காத்திராதீர்கள்.

சொன்னபடி ஞாயிற்றுக்கிழமை கல்லைக் கழற்றிச் சுத்தம் பண்ணி வைத்தேன். திங்கட்கிழமை காலை நான் சாவியோடு வந்தபோது ஷட்டருக்கு முன்னால் செல்வி நின்றுகொண்டிருந்தாள். டாக்டரிடம் கேட்டுவிட்டாளாம். முதல் ஆளாக, கல் சுத்தம் பண்ணிய பிறகு என்றால் பார்க்கலாம், முதலில் கொஞ்சமாகத் தன் முன்னால் வைத்துக் கொடுத்துப் பார்ப்போம் என்று சொன்னாராம்.

"எனக்கு முன்னால யாரும் உண்டுமா?" என்றாள்.

"யாரும் இல்ல" என்றேன்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு, ஷட்டரின் இன்னொரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.